பருத்திக் காட்டில் கல்தூண்கள்

என் கணவர் பெரிய முடிவுகளை எல்லாம் ரசம் ஊற்றும்போதுதான் சொல்வார். குழம்புச் சோறு முடியும்வரை ஊர்ப்பேச்சு, பஸ் கட்டணம், வெயில். ரசம் வந்ததும் விஷயம் வரும். மதுரையில் இரு சக்கர வாகன உதிரிபாகக் கடையில் கணக்குப் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னதும் அப்படித்தான். அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுமலையில் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரசத்தை உள்ளங்கையில் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். நான் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டேன்.

"அய்யா, கெணத்தடி ஏக்கர்ல இந்த வருசம் பருத்தி வேணாம். டிராகன் பழம் போடலாம்னு இருக்கேன்."

மாமனார் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார். "என்ன பழம்?"

"டிராகன் பழம்."

"டிராக்டர் பழமா?"

அன்றிலிருந்து இன்றுவரை அவருக்கு அது டிராக்டர் பழம்தான். காது சரியாகக் கேட்காததால் அப்படிச் சொல்கிறார் என்று என் கணவர் நம்புகிறார். அடுத்த தெருவில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று சொல்லக்கூடிய மனிதர் அவர்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோச்சடையில் கடன் வாங்கிக் கட்டிய சின்ன வீடு. ஒரே மகள், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மாமியார் காலமான பிறகு மாமனார் எழுமலையில் தனியாக இருந்தார். ஞாயிறுதோறும் நாங்கள் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவோம். நிலம் மூன்று ஏக்கர். கிணற்றடியில் ஒன்று, வானத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு. மூன்றிலும் பருத்தி, அல்லது பருத்தி போட்டு அலுத்த வருடத்தில் மக்காச்சோளம்.

பருத்தி நஷ்டம் என்று என் கணவர் சொன்னதில் பொய் இல்லை. புழு விழுந்தது, மருந்து விலை ஏறியது, பஞ்சு எடுக்க ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்குக் கூலி கொடுத்துவிட்டுப் பார்த்தால் மாமனார் கையில் வெற்றிலைக்கு மிஞ்சியதே பெரிது. ஆனாலும் அவர் விடவில்லை.

"பருத்தி ஆறு மாசத்துல காசு. இது எப்பக் காய்க்கும்?"

"ஒண்ணரை வருசத்துல காய்க்க ஆரம்பிக்கும். அப்புறம் இருவது வருசத்துக்குப் பாக்க வேணாம்யா."

"அந்த இருவது வருசம் கெடக்கட்டும். இந்த ஒண்ணரை வருசம் என்னத்தச் சாப்புடுவ?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ரசச் சட்டிக்குள் பார்த்தேன். கடைசியில் எங்கள் குடும்பம் ஒன்றரை வருடம் என்னத்தைச் சாப்பிட்டது என்பதுதான் இந்தக் கதையில் பாதி.

முதலில் கடனுக்குக் கிளம்பினார். பருத்திக்கு ஒவ்வொரு வருடமும் கூட்டுறவுச் சங்கத்தில் மாமனார் பேரில் பயிர்க்கடன் வாங்குவது வழக்கம். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். அட்டவணையை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார்.

"நெல்லு இருக்குண்ணே. பருத்தி, சோளம், வாழை, மல்லி எல்லாம் இருக்கு. இதைக் காணமேண்ணே."

"பழம்னு பொதுவா எழுதிக்க முடியாதா?"

"பொதுவான்னு ஒரு பயிரு இல்லண்ணே."

அடுத்து வங்கி. மேலாளர் திட்ட அறிக்கை கேட்டார். இவர் இருபத்திரண்டு பக்கத்தில், வண்ணப் படங்களோடு, சுருள் கம்பி போட்டு ஒன்று தயாரித்தார். கூட்டல் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார். கூட்டல் சரியாக இருந்தது. நான்காம் வருட விளைச்சலைத் தூக்கி முதல் வருடத்தில் போட்டிருந்ததைத் தவிர வேறு பிழையே இல்லை. சிவப்பு மையில் சுழித்துக் காட்டியதும் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு திருத்தினார். திருத்திய அறிக்கையில் லாபம் மிகவும் மெலிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. மேலாளர் அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நிலம் யார் பேர்ல சார் இருக்கு?" என்றுதான் கேட்டார்.

நிலம் மாமனார் பேரில். பத்திரம் அவர் பீரோவில்.

"பீரோ சாவிய எங்க வச்சேன்னு ஞாபகம் இல்லையேப்பா" என்றார் மாமனார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் பார்ப்பதை அவரும் பார்த்தார். வேட்டியை ஒரு சுற்று மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, "கெடைச்சா சொல்லுறேன்" என்று வெளியே போய்விட்டார். நிலத்தைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க அவருக்குத் தயக்கம் இல்லை. வங்கிக்குக் கொடுக்கத்தான் மனம் இல்லை. அது எனக்கும் புரிந்தது. ஆனால் புரிந்ததால் செலவு குறையவில்லை.

மிச்சம் இருந்தது என் நகை. இரண்டு வளையல், ஒரு சங்கிலி. இவருடைய வேலைக்கு வந்த வைப்பு நிதிப் பணத்தோடு அதையும் அடகு வைத்துச் சேர்த்தோம். இவர் கேட்கவே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். கேட்காமல் நான்கு நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். ஐந்தாம் நாள் கால் வலி என்றார். நானே கழற்றிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாகக் கவரிங் வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால், ஆசிரியர் அறையில் ஒருவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "புதுசா டீச்சர்? சும்மா ஜொலிக்குதே!" என்றார். பத்து வருடம் அசல் தங்கம் போட்டிருந்தபோது ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டிராகன் செடி கள்ளி வகை. கொடி போல் ஏறித் தொங்கும். ஏறுவதற்குத் தூண் வேண்டும். ஒரு ஏக்கருக்கு நானூறு கல்தூண். லாரியில் வந்து இறங்கியபோதுதான் பணம் எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரிந்தது. தூண் தலையில் செடி படர்வதற்குச் சிமெண்ட் வளையம் மாட்டுவார்கள். இவர் பழைய கடை நண்பர்களிடம் சொல்லித் தேய்ந்த வண்டி டயர்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மாட்டினார். உதிரிபாகக் கடையில் வேலை பார்த்ததற்கு அது ஒன்றுதான் ஓய்வூதியம். தூணுக்கு நான்கு தண்டு வீதம் நட்டு முடித்தபோது செடி வெளியில் தெரியவில்லை. ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வரிசை வரிசையாக நட்ட கல்.

இரண்டாம் வாரம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறி வந்தார்.

"அண்ணே, சென்ட் எம்புட்டுப் போகுது? கார்னர் பிளாட் இருக்கா?"

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. மாமனார் முந்திக்கொண்டார். "கார்னர் எல்லாம் போயிருச்சு தம்பி. நடுவுலதான் இருக்கு. ஆனா ஒண்ணு, முள்ளுச் செடியோட சேத்துத்தான் வாங்கணும்."

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு ஊரில் எங்கள் தோட்டத்துக்கு நகர் என்றுதான் பேர்.

இனி அந்த ஒன்றரை வருடம். என் சம்பளம் ஒன்று. அதிலிருந்து வீட்டுக் கடன் தவணை, நகைக் கடன் வட்டி, சனிக்கிழமை கூலி, மோட்டார் பழுது, அடுத்த ஜூனில் மகளின் கல்லூரிக் கட்டணம். சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் உண்டு. முதலில் நாம் செலவழித்துவிட வேண்டும், பிறகு வரும். அந்தப் 'பிறகு' எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது. சம்பளத் தேதியை என்னைவிட இவர் நன்றாக நினைவு வைத்திருந்தார். மற்ற நாளெல்லாம் காபி நான் போடுவேன். சம்பளம் வரும் இருபத்தெட்டாம் தேதி காலையில் கண் விழித்தால் இவர் டம்ளரோடு நிற்பார். ஒருமுறை பிப்ரவரியில் கணக்குத் தப்பி இருபத்தாறாம் தேதியே காபி வந்துவிட்டது. "ரெண்டு நாள் முன்னாடி வந்துருச்சே" என்றேன். அந்தக் காபியைத் தானே குடித்துவிட்டார்.

மாமனாரோ சும்மா கிடக்கும் மண்ணைப் பார்த்துப் பொறுக்காமல், ஒரு வாரம் நாங்கள் வராத நேரத்தில், தூண் வரிசைகளுக்கு நடுவே சின்ன வெங்காயம் ஊன்றிவிட்டார். போய்ப் பார்த்தபோது முளை வந்திருந்தது.

"என்னய்யா இது? இதுக்குத் தண்ணி பாய்ச்சினா அந்தச் செடி வேரு அழுகிப் போகும்."

"உன் செடிக்கு நீ குழாய்ல ஊத்து. என் வெங்காயத்துக்கு நான் வாளியில ஊத்துறேன்."

அப்படியே வாளியில் ஊற்றினார். அந்த வெங்காயம் நல்ல விலைக்குப் போனது. மகளின் முதல் கட்டணத்தில் ஒரு பகுதி, இரண்டு மாதக் கூலி, புது மோட்டார் வயர் எல்லாம் அதில்தான். என் கணவர் அதைக் கணக்கு நோட்டில் 'இதர வருமானம்' என்று எழுதியிருந்தார். மாமனார் நோட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இதரவா? மத்த வருமானம் எங்கப்பா எழுதியிருக்க? எனக்குக் கண்ணு தெரியல."

அடுத்த கோடை கொடுமை. தண்டெல்லாம் வெயிலில் மஞ்சளாகி வேகத் தொடங்கின. நிழல்வலை போட்டால்தான் தப்பும் என்றார்கள். விலை கேட்டோம், திரும்பி வந்துவிட்டோம். அன்று சாயங்காலம் இவர் என் பீரோ முன்னால் நின்று மெதுவாக, "பழைய சேலை ஏதாச்சும் இருக்கா?" என்றார். பதினொன்று கொடுத்தேன். அக்கம்பக்கத்தில், சொந்தத்தில் எல்லாம் கேட்டு வாங்கி, கிழித்து, மேற்கு வெயில் படும் வரிசை முழுக்கக் கட்டினார். தூரத்தில் இருந்து பார்த்தால் நூறு பெண்கள் வரிசையில் நிற்பதுபோல் இருக்கும்.

பள்ளியில் ஆண்டு விழாவுக்கு டீச்சர்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் எடுத்த சேலை ஒன்று அதில் போயிருந்தது. எங்கள் தலைமை ஆசிரியை சிஸ்டர் அந்தப் பக்கம் யாரோ கட்டிய புது வீட்டை ஃபாதர் ஜெபித்து மந்திரிக்கும் விழாவுக்குப் போய்விட்டு வந்து, திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், எழுமலைப் பக்கம் ஒரு தோட்டத்துல நம்ம ஆண்டு விழா சேலை கட்டியிருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவதா?"

"என் வீட்டுக்காரர்தான் சிஸ்டர்."

"சேலையைக் கட்டியிருக்கறது அவரா?"

"செடிக்குக் கட்டினது சிஸ்டர்."

சிஸ்டர் நெடுநேரம் சிரித்தார். பிறகு தண்டு பிழைக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொள்வதாகச் சொன்னார். முக்கால்வாசி பிழைத்தது.

முதல் வருடம் காய்த்தது இருபத்து மூன்று பழம். ஆள் வைத்து எண்ண வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாம் வருடம் ஜூன் மழைக்குப் பிறகு தோட்டம் உண்மையாகவே பூத்தது. காலை ஆறு மணிக்குப் போனால் உள்ளங்கை அகல வெள்ளைப் பூக்கள் இன்னும் மூடாமல் இருக்கும். அந்த ஒரு வாரம் இவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஆகஸ்டில் இருநூறு கிலோ பறித்து, ஒவ்வொன்றையும் துடைத்து, பெட்டியில் அடுக்கி, மினி வேனில் மாட்டுத்தாவணிப் பழ மண்டிக்குக் கொண்டுபோனோம். அன்று பள்ளிக்கு விடுப்புப் போட்டு நானும் போனேன்.

மண்டிக்காரர் ஒரு பழத்தை எடுத்துக் கத்தியால் இரண்டாகப் பிளந்தார்.

"வெள்ளையாண்ணே?"

"ஆமா. ஏன்?"

"இப்ப எல்லாரும் உள்ள செவப்பாத்தான் கேக்குறாக. ரெண்டு வருசம் முன்னாடின்னா இதுக்கும் நல்ல வெலை. இன்னைக்கு மட்டும் எனக்கு நாலு வண்டி வெள்ளை வந்திருக்கு."

நாங்கள் நினைத்ததில் பாதிக்கும் கீழே போட்டார். அதிலும் கமிஷன், இறக்குக் கூலி, வேன் வாடகை போக, கையில் வந்ததை இவர் எண்ணாமலே சட்டைப் பையில் வைத்தார். வெளியே வந்து டீ குடித்தோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, ஆறவிட்டு, "நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டார்.

இரண்டு வருடமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன. இருபத்திரண்டு பக்க அறிக்கையைப் பற்றி ஒன்று, ஜொலிக்கும் வளையலைப் பற்றி ஒன்று, இருபத்தெட்டாம் தேதிக் காபியைப் பற்றி இரண்டு. "அடுத்த பறிப்பு எப்ப?" என்று மட்டும் கேட்டேன். "பதினஞ்சு நாள்ல" என்றார். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. மதியத்தோடு பள்ளி விட்டு, ஊருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். உசிலம்பட்டி தாண்டி எங்கள் ஊர்ப் பாதை பிரிகிற இடத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் இரண்டு கார் நின்றிருந்தன. ஏதோ விபத்தோ என்று எட்டிப் பார்த்தால், பெரிய கறுப்புக் குடைக்கு அடியில், மண்டிக்கென்று என் கணவர் பறித்து அடுக்கியிருந்த பழப்பெட்டிகளுக்கு நடுவில், சலவை வேட்டி கட்டிக்கொண்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். கண்டக்டரிடம் கத்திப் பஸ்ஸை நிறுத்தி இறங்கினேன்.

நான் பின்னால் வந்து நிற்பதை அவர் பார்க்கவில்லை. ஒரு குடும்பத்துக்குப் பழத்தை அறுத்து வாழையிலையில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள வெள்ளையா இருக்கே பெரியவரே, சிவப்பு இல்லையா?"

"செவப்பு எதுக்குங்க? தின்னா வாயெல்லாம் கறை, சட்டையெல்லாம் கறை. துவைக்கிற பொம்பளையாளு நம்மளை ஏசுவாக. வெள்ளைதான் சுத்தம்."

அந்தப் பெண்மணி உடனே இரண்டு கிலோ போடச் சொன்னார். அவர் கணவர், "உங்க தோட்டமா?" என்று கேட்டார்.

"எந்தோட்டந்தான். இந்தப் பயிரைப் போடணும்னு நாந்தான் ஒத்தக் கால்ல நின்னேன். எம்மகன் பருத்தியே போதும்னான். அவனுக்கு என்ன தெரியும், பட்டணத்துல இருந்த பய."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தார். கொஞ்சம்கூட அசரவில்லை.

"இது எம்மருமக. டீச்சரு. ஏத்தா, நீ சொல்லு. இதுல சத்து இருக்கா இல்லையா?"

"இருக்கு மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அங்கேயே பெட்டி மேல் உட்கார்ந்து சில்லறை கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். ஐந்து மணிக்குள் நான்கு பெட்டி காலி. மண்டியில் கிடைத்ததைப் போல் இரண்டு மடங்கு விலை. கமிஷன் இல்லை, இறக்குக் கூலி இல்லை. கூட்டம் ஓய்ந்ததும் கேட்டேன்.

"மாமா, நீங்க இதைச் சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குச் சாப்புடணும்? நானா காசு குடுத்து வாங்குறேன்?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னபோது, அந்த 'ஒத்தக் கால்' பகுதியை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் சொன்னேன். இவர் எழுந்து, அடுத்த வாரத்துக்கு இன்னொரு குடை வாங்க வேண்டும் என்றார்.

போட்ட முதல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். வளையல் இரண்டும் போன தையில் மீண்டு வந்தன; சங்கிலி உள்ளேயே இருக்கிறது. வானம் பார்த்த இரண்டு ஏக்கரில் மாமனார் இன்னும் பருத்திதான் போடுகிறார், அதில் நஷ்டம் வந்தால் சத்தமில்லாமல் புளியமரத்தடி வரும்படியில் சரிக்கட்டிக்கொள்கிறார். நோட்டில் இதை எந்தப் பேரில் எழுதுவது என்று இவருக்குத் தெரியவில்லை.

போன மாதம் பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தோட்டம் பார்க்க வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறாராம், மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு இதைப் போடப்போகிறாராம். என் கணவர் உற்சாகமாகிவிட்டார். தூணுக்கு எத்தனை கிலோ, ஏக்கருக்கு எத்தனை டன் என்று நடந்துகொண்டே விளக்கினார். வந்தவர் கண்ணில் பணம் மின்னத் தொடங்கியது. கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்த மாமனார் கூப்பிட்டார்.

"மாப்ள, இங்க வா. அம்புட்டையும் கேட்டுக்கிட்டயா? சரி. உன் வீட்ல யாராச்சும் மாசச் சம்பளம் வாங்குறவுக இருக்காகளா?"

"இல்லைங்க. எம்பொண்டாட்டி தையல் மிசின் வச்சிருக்கு."

"அப்ப ரெண்டு ஏக்கர் வேணாம். அரை ஏக்கர் போடு. மிச்சத்துல சோளமே இருக்கட்டும்." என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தக் கல்லு நிக்குறது மண்ணுல இல்ல மாப்ள. இந்தப் பிள்ளை சம்பளத்துல நிக்குது. அது இல்லாட்டி மொத வருசமே இவன் கல்லைப் பிடுங்கி வித்திருப்பான்."

இதுவரை என் முன்னால் அவர் அப்படிச் சொன்னதில்லை. நான் டயரில் தொங்கிய ஒரு காய்ந்த தண்டைக் கிள்ளிக்கொண்டு நின்றேன். என் கணவர், "அது சரிதான்" என்றார். குரல் தாழ்ந்திருந்தாலும் தெளிவாகக் கேட்டது.

வந்தவர் யோசித்துவிட்டு, "அரை ஏக்கருக்கே போடுறேங்க. தண்டு உங்ககிட்டயே வாங்கிக்கிறலாமா? ஒண்ணு எம்புட்டு?" என்றார்.

"முப்பது ரூவா" என்றார் என் கணவர்.

"சும்மா வெட்டிக்கிட்டுப் போ மாப்ள" என்றார் மாமனார், அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர் என்னைப் பார்த்தார், கணக்கு டீச்சர் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. பத்து ரூபாய் என்றேன். இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.